கருத்துக்கு முன்னால் நிற்கும் சொல்

(கொல்கத்தாவில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு. அச்சுக்காகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)



ஆங்கிலத்தில் ஒருவர் தம் கருத்தைச் சொல்லும்போது கருத்து என்ற சொல்லை வெறுமனே விடுவதில்லை. அதற்கு முன்னால் ஒரு பெயரடையைச் சேர்த்துவிடுகிறார். ஸ்ட்ராங் ஒபினியன், ஹம்பிள் ஒபினியன், கன்சிடர்ட் ஒபினியன், ஃபர்ம் பிலீஃப், டீப் கன்விக்ஷன் என்று நாம் அன்றாடம் கேட்கும் தொடர்கள் இவை. ஆங்கில இலக்கணம் கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்டிருந்த எனக்கு இந்தச் சிறிய அடைமொழிகள் மேல் தீராத அக்கறை உண்டு. அவற்றைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

நான் சொல்லவந்தது ஒன்றுதான். அந்தப் பெயரடை கருத்தின் எடையைச் சொல்வதில்லை. சொல்பவர் தம்மை எந்த இடத்தில் நிறுத்திக்கொள்கிறார் என்பதைத்தான் சொல்கிறது. எடை இருப்பது கருத்துக்குப் பின்னால் உள்ள காரணத்தில். இதைச் சட்டமாகவே எழுதிவைத்த நகரம் கொல்கத்தா. வேறெங்கும் பேசாமல் இந்த அவைக்கென்று இதைத் தேர்ந்ததற்குக் காரணம் அதுவே.

1. ஒரே இடம், வெவ்வேறு கேள்விகள்

ஒபினியன் என்ற சொல்லுக்கு முன்னால் வரும் பெயரடைகளை வரிசையாக எழுதிப் பாருங்கள்: ஸ்ட்ராங், ஹை, லோ, ஹம்பிள், ஹானஸ்ட், கன்சிடர்ட், பெர்சனல், செகண்ட், பப்ளிக். எல்லாம் ஒரே இடத்தில் வந்து அமர்வதால் ஒரே வேலையைச் செய்வதுபோலத் தோன்றும். ஆனால் ஒவ்வொன்றும் விடை சொல்லும் கேள்வி வேறு.

ஒருவரைப் பற்றி எனக்கு ஹை ஒபினியன் இருக்கிறது என்றால் என் கருத்து உயர்ந்தது என்றாகாது. அந்த மனிதர் என் கண்ணில் உயர்ந்தவர். லோ ஒபினியன் என்றால் அவர் தாழ்ந்தவர். ஆனால் ஹம்பிள் ஒபினியன் என்று சொல்லும்போது தாழ்ந்து நிற்பது நான். கருத்து யாரைப் பற்றியது என்பதற்கு முதல் அடை விடை; சொல்பவர் யார் என்பதற்கு இரண்டாவது அடை விடை. கன்சிடர்ட் என்பது கருத்து பிறந்த கதையைச் சொல்கிறது: அவசரப்பட்டுச் சொல்லவில்லை, ஆற அமர எண்ணிச் சொல்கிறேன் என்பது அதன் பொருள். மருத்துவரிடம் போகும் நாம் கேட்கும் செகண்ட் ஒபினியன் வெறும் வரிசை எண். பப்ளிக் என்பது உடைமையாளரைக் குறிக்கிறது.

ஸ்ட்ராங் என்ற அடைதான் மிகவும் கவனிக்க வேண்டியது. ஒருவருக்கு ஒரு பொருளைப் பற்றி ஸ்ட்ராங் ஒபினியன்ஸ் உண்டு என்று ஆங்கிலேயர் சொன்னால், அவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதே அதில் தெரியாது. ஆதரிப்பவராகவும் இருக்கலாம், எதிர்ப்பவராகவும் இருக்கலாம். அவருடைய சுபாவம் மட்டும் தெரிகிறது. ஆங்கிலத்தில் கருத்தைப் பிடித்திருப்பதாகச் சொல்வது மரபு. ஹோல்ட் என்பதுதான் அங்கே வினைச்சொல். அதிலிருந்து பிறந்தவை மூன்று: இறுகப் பிடித்த கருத்துக்கு ஸ்ட்ராங்லி ஹெல்ட், பலர் பிடித்த கருத்துக்கு வைட்லி ஹெல்ட், நெடுநாள் பிடித்த கருத்துக்கு லாங் ஹெல்ட். எவ்வளவு இறுக்கம், எத்தனை பேர், எவ்வளவு காலம் என்பவை மூன்றிலும் தெரிகின்றன. பிடித்திருப்பது மெய்யா என்ற ஒரு கேள்வி மட்டும் எங்கும் எழுவதில்லை.

2. எந்தப் பெயருக்கு எந்த அடை

நம்பிக்கைக்கு ஆங்கிலம் கொடுப்பது உறுதி: ஃபர்ம் பிலீஃப். மனத்தில் ஊறிய கொள்கைக்கு ஆழம்: டீப் கன்விக்ஷன். ஐயத்துக்குக் கனம்: கிரேவ் டவுட், சீரியஸ் டவுட். மனப்பதிவுக்கு மங்கல்: வேக் இம்ப்ரெஷன். இடம் மாற்றினால் காதுக்கு ஒவ்வாது. டீப் ஒபினியன் என்று ஆங்கிலம் அறிந்தவர் சொல்வதில்லை. இதற்கு விதி கிடையாது, வழக்கம்தான் உண்டு. மாணவர்கள் மனப்பாடமாகவே கற்கிறார்கள். மனப்பாடமாகக் கற்றது யோசனையில்லாமலே வாயில் வந்துவிடும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பகுதிக்கு அது வேண்டும்.

3. நீதிமன்ற ஆங்கிலமும் ஒரு பிரமாணப் பத்திரமும்

இங்கிலாந்தில் ஒருவர் தம் உறுதியை வினையடையில் வைத்து, நான் இக்கருத்தில் உறுதியாக இருக்கிறேன் என்பார். இந்திய ஆங்கிலமோ அதைப் பெயரடையாக்கி, நான் உறுதியான கருத்தினன் என்று சொல்ல விரும்புகிறது. நம் உயர் நீதிமன்றத் தீர்ப்புகளில் இந்த நீதிமன்றம் கன்சிடர்ட் ஒபினியன் கொண்டிருக்கிறது என்றும், கன்சிடர்ட் வியூ கொண்டிருக்கிறது என்றும் வரும் தொடர் எவ்வளவு சாதாரணம் என்பதை இங்குள்ள வழக்குரைஞர்கள் அறிவார்கள். எண்ணிப் பார்க்காமல் தீர்ப்பு எழுதுவார் உண்டா? எல்லாத் தீர்ப்பிலும் வரும் அடை எந்தத் தீர்ப்பையும் மற்றதிலிருந்து பிரித்துக் காட்டாது. மாறுபடும் நீதிபதி முதலில் மரியாதையுடன் என்றார். பிறகு அது மிகுந்த மரியாதையுடன் என்றாயிற்று. பிறகு அதற்கும் மேலே போயிற்று. அடை தேயத் தேய இன்னொரு அடையை அதன் மேல் ஏற்றவேண்டியிருக்கிறது.

இதே நீதிமன்றத்தில் இதற்கு நேர்மாறான ஒரு நல்ல பழக்கமும் உண்டு. 1774இல் வில்லியம் கோட்டையில் அமைந்த உச்ச நீதிமன்றத்தின் வழியில் 1862 ஜூலை 1 அன்று தொடங்கியது கல்கத்தா உயர் நீதிமன்றம். ஊர் பெயர் 2001இல் மாறியும் அதன் பெயர் மாறவில்லை. அங்கே தாக்கலாகும் பிரமாணப் பத்திரத்தின் கடைசிப் பத்தியைப் படித்துப் பாருங்கள். இன்னின்ன பத்திகளில் உள்ளவை என் அறிவுக்கு எட்டிய வரை உண்மை. இன்னின்ன பத்திகளில் உள்ளவை ஆவணங்களிலிருந்து பெற்ற தகவல், அவற்றை உண்மை என நம்புகிறேன். எஞ்சியவை இந்த மாண்பமை நீதிமன்றத்தின் முன் நான் பணிவுடன் வைக்கும் வாதங்கள். பத்தி எண்களைக் கையால் நிரப்ப இடம் விட்டிருப்பார்கள். உறுதிமொழி ஆணையர் முன்னிலையில் கையெழுத்திடுபவர் தம் பேச்சு முழுவதையும் மூன்றாகப் பகுத்துக் கொடுத்தாக வேண்டும்: கண்டது, கேட்டு நம்பியது, கருதுவது.

பணிவு என்ற அடை எங்கே வருகிறது என்பதைக் கவனியுங்கள். கண்டதற்கு அது தேவைப்படவில்லை. கருத்துக்கு வரும்போதுதான் ஹம்பிள் என்ற சொல் நுழைகிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 19ஆம் கட்டளை, 3ஆம் விதி இதற்கு அடிப்படை. இடைக்கால மனுக்களில் மட்டும் ஒருவர் தம் நம்பிக்கையைப் பிரமாணத்தில் சொல்லலாம். சொன்னால் அந்த நம்பிக்கைக்கான ஆதாரத்தையும் சொல்லியாக வேண்டும். உறுதியாக நம்புகிறேனா, ஆழமாக நம்புகிறேனா என்று அந்த விதி கேட்பதில்லை.

4. 1835: சரியான மதிப்பீடு

அடைமொழி செய்யக்கூடிய தீங்குக்கு இந்த நகரமே சான்று. 1835 பிப்ரவரி 2 அன்று மெக்காலே தம் கல்விக் குறிப்பை இங்கே எழுதினார். சமஸ்கிருதமோ அரபியோ தமக்குத் தெரியாது என்று அவரே அதில் ஒப்புக்கொள்கிறார். ஒப்புக்கொண்ட கையோடு, அவற்றின் மதிப்பைப் பற்றி ஒரு கரெக்ட் எஸ்டிமேட்டை உருவாக்கிக்கொள்ள முயன்றதாகவும் எழுதுகிறார். மொழிபெயர்ப்புகளைப் படித்ததும் அறிந்தவர்களிடம் பேசியதும் அவர் காட்டும் ஆதாரம். இந்த ஆதாரத்தின் மேல் கீழ்த்திசை இலக்கியம் முழுவதையும் ஒரு புத்தக அலமாரித் தட்டோடு நிறுத்துப் பார்த்துத் தள்ளிவிடுகிறார்.

எஸ்டிமேட் என்றாலே தோராயம். தோராயத்துக்கு முன்னால் சரியான என்ற அடை ஏறியதும் அது அளந்து கண்ட முடிவாகிவிட்டது. வில்லியம் ஜோன்ஸ் 1784இல் தொடங்கிய ஏஷியாட்டிக் சொசைட்டியின் சுவடிகள் இதே ஊரில் இருந்தன. ஹென்றி தோபி பிரின்செப் போன்றோர் எதிர்த்து வாதிட்டார்கள். இருந்தும் மார்ச் 7 அன்று கவர்னர் ஜெனரல் பென்டிங்கின் ஆங்கிலக் கல்வி ஆணை வெளியாகிவிட்டது. அந்த ஒரு சொல்லே எல்லாவற்றுக்கும் காரணம் என்று நான் வாதிடவில்லை. அரசியலும் பணமும் பின்னால் இருந்தன. ஆனால் ஆதாரம் மெலிந்த இடத்தில் அடைமொழி எப்படி முட்டுக் கொடுக்கிறது என்பதைக் காட்ட இதைவிடப் பொருத்தமான சான்று எனக்குத் தெரியவில்லை.

அதே மெக்காலேயின் தலைமையில் இங்கே வரையத் தொடங்கிய தண்டனைச் சட்டம் 1860இல் நிறைவேறியது. அதன் 26ஆம் பிரிவு, ஒன்றை நம்புவதற்குக் காரணம் உண்டு என்று எப்போது சொல்லலாம் என விளக்கியது. நம்பப் போதிய ஏது இருந்தால் சொல்லலாம், இல்லாவிட்டால் சொல்லலாகாது. போதிய என்ற அடை நம்பிக்கையின் மேல் வராமல் ஏதுவின் மேல் வந்திருக்கிறது.

5. 1872: கல்கத்தா வணிகர், எழுத்தர், தரகர்

இந்த உரையின் நடுநாயகம் 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டம். அரசின் சட்ட உறுப்பினராக இருந்த ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன் வரைந்தது. ஒரு செய்தி மெய்ப்பிக்கப்பட்டது என்று எப்போது கொள்வது என்பதை அதன் 3ஆம் பிரிவு வரையறுக்கிறது. நீதிமன்றம் அதை நம்பவேண்டும். அல்லது, மதிநுட்பமுள்ள ஒரு மனிதர் அச்சூழலில் அதை உண்மையென்று கொண்டு செயல்படும் அளவுக்கு அது நிகழக்கூடியது என்று கருதவேண்டும். நம்பிக்கைக்கு அடை இல்லை. ப்ரூடென்ட் என்ற அடை மனிதருக்குப் போய்விட்டது. எவ்வளவு உறுதியாக நம்புகிறாய் என்பதை விட்டுவிட்டு, இதை நம்பி ஒரு விவேகி காரியத்தில் இறங்குவாரா என்று கேட்கிறது சட்டம்.

கருத்துகளுக்கென்று 45 முதல் 51 வரையான பிரிவுகள். பொதுவாகச் சாட்சி தாம் கண்டதைச் சொல்லலாம், கருதுவதைச் சொல்லலாகாது. அதற்கு விலக்கு எப்போது என்பதே இப்பிரிவுகளின் பொருள். 47ஆம் பிரிவில் கையெழுத்து பற்றி ஓர் எடுத்துக்காட்டு உண்டு. லண்டன் வணிகர் ஒருவருடைய கையெழுத்தா இது என்பது கேள்வி. கல்கத்தா வணிகர் ஒருவர் அவருக்குக் கடிதங்கள் எழுதி, அவர் பெயரில் பதில்களும் பெற்றவர். கல்கத்தா வணிகரின் எழுத்தர், வந்த கடிதங்களைப் பார்த்துக் கோப்பில் சேர்ப்பவர். அவருடைய தரகர், அக்கடிதங்களைப் படித்து யோசனை சொல்பவர். இம்மூவரில் ஒருவர்கூட லண்டன்காரர் எழுதும்போது நேரில் கண்டதில்லை. ஆனாலும் மூவர் கருத்தும் ஏற்புடையது என்கிறது சட்டம்.

இந்த எடுத்துக்காட்டில் மனம் தோய்ந்து நிற்கவேண்டும். வணிகரின் கருத்து ஸ்ட்ராங், எழுத்தரின் கருத்து ஹம்பிள், தரகரின் கருத்து எக்ஸ்பர்ட் என்று சட்டம் தரம் பிரிக்கவில்லை. முதலாளிக்கும் எழுத்தருக்கும் ஒரே தகுதியைத் தருகிறது. அவரவர் அந்தக் கடிதங்களோடு என்ன செய்தார் என்பதை மட்டும் வினைச்சொற்களால் சொல்கிறது: எழுதினார், பெற்றார், பார்த்தார், கோப்பில் வைத்தார், யோசனை சொன்னார். கருத்துக்குத் தகுதி அந்த வினைகளிலிருந்து வருகிறது. நாள் முழுதும் கடிதங்களை அடுக்கிய எழுத்தருடைய கண், கையொப்பத்தை மட்டும் பார்த்த முதலாளியின் கண்ணைவிடக் கூர்மையாக இருக்கவும் கூடும். கிளைவ் தெரு அலுவலகங்களில் எழுத்தர்களாக வேலை பார்த்த தமிழர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் இந்த அவையில் இருப்பீர்கள். உங்களுக்கு இது விளங்கும்.

அடுத்து 51ஆம் பிரிவு. உயிரோடுள்ள ஒருவரின் கருத்து எப்போதெல்லாம் ஏற்புடையதோ அப்போதெல்லாம் அந்தக் கருத்துக்கான காரணங்களும் ஏற்புடையவை. வல்லுநர் ஒருவர் தம் கருத்தை உருவாக்கத் தாம் செய்த சோதனைகளை எடுத்துச் சொல்லலாம். இந்த உரையில் நான் சொல்ல விரும்பும் அனைத்தும் அச்சட்டத்தின் இந்த ஒரு சிறு பிரிவில் இருக்கிறது.

இது ஏட்டுச் சுரைக்காயாக நின்றுவிடவில்லை. வங்காளக் காவல்துறைத் தலைவர் எட்வர்ட் ஹென்றியின் கீழ் அஜிஜுல் ஹக், ஹேம் சந்திர போஸ் ஆகியோர் விரல்ரேகைகளை வகைப்படுத்தும் முறையை இங்கே உருவாக்கினார்கள். 1897இல் ரைட்டர்ஸ் கட்டடத்தில் விரல்ரேகைப் பிரிவு தொடங்கியது. அந்த ஆண்டு ஜல்பாய்குரி பகுதியில் ஒரு தேயிலைத் தோட்ட மேலாளர் கொல்லப்பட்டார். அவருடைய பெட்டியில் கிடந்த வங்காளப் பஞ்சாங்கம் ஒன்றில் பெருவிரல் பதிவு இருந்தது. முன்பு திருட்டுக்காகத் தண்டனை பெற்ற பழைய வேலைக்காரர் ஒருவரின் வலது பெருவிரலோடு அது பொருந்தியது. அவரைத் திருட்டுக் குற்றத்துக்கு மட்டும் தண்டித்து, கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது நீதிமன்றம். பதிவு சொன்னது அவர் கை அந்தப் பஞ்சாங்கத்தில் பட்டது என்பதை. கொன்றார் என்பதைச் சொல்லவில்லை. காரணம் எட்டிய தூரம் வரைதான் கருத்தும் போயிற்று. பின்னர் 1899இல் விரல்ரேகை வல்லுநரின் கருத்தும் 45ஆம் பிரிவில் சேர்ந்தது.

6. நம்பக் காரணமும் வெறும் கருத்தும்

வருமான வரி அதிகாரி முடிந்த கணக்கை மீண்டும் திறப்பது பற்றிய வழக்குகளிலும் கல்கத்தாவின் பெயர் தொடர்ந்து வரும். கல்கத்தா டிஸ்கவுண்ட் கம்பெனி வழக்கு அவற்றில் புகழ்பெற்றது. 1976இல், இங்கிருந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போன லக்மணி மேவால் தாஸ் வழக்கில் நீதிபதி எச்.ஆர். கன்னா எழுதிய தீர்ப்பு, சட்டம் கேட்பது நம்பக் காரணம், சந்தேகிக்கக் காரணம் அன்று என்று பிரித்துக் காட்டியது.

நம்பக் காரணம் என்ற தொடரை நீக்கி, அதிகாரி கருத்துக் கொண்டால் போதும் என்று 1987ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் மாற்றப் பார்த்தது. காரணத்தை எழுத்தில் பதியவேண்டும் என்ற நிபந்தனை அதில் இருந்தும் எதிர்ப்பு எழுந்தது. கருத்து என்ற சொல் அதிகாரிக்குக் கட்டற்ற அதிகாரம் தந்துவிடும் என்ற முறையீட்டை ஏற்று, 1989இல் பழைய தொடரையே மீட்டார்கள். 2010இல் கெல்வினேட்டர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வரலாற்றைச் சொல்லி, வெறும் கருத்து மாற்றம் கணக்கைத் திறக்கப் போதாது என்றது. வெறும் என்று நாம் சொல்லும் மியர் என்ற அடை இந்தத் துறையில் எனக்கு நேர்மையானதாகப் படுகிறது. பின்னால் காரணம் இல்லை என்பதை அது வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது. 2021ஆம் ஆண்டு நிதிச் சட்டம் இத்தொடரை மறுபடி மாற்றிவிட்டது என்பது வேறு கதை.

7. அலிப்பூரின் அடைமொழிகள்

அடைமொழியே ஆகாது என்று நான் சொல்லவில்லை. இங்குள்ள அலிப்பூர் வானிலை அலுவலகம் கனமழை என்றால் 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் வரை. மிகக் கனமழை என்றால் 204.4 வரை. அதற்கு மேல் அதிகனமழை. ஸ்காட்டர்ட் என்றால் ஒரு பகுதியின் நிலையங்களில் 26 முதல் 50 சதவீதத்தில் மழை. 1864 புயலில் பேரழிவைக் கண்ட இந்த நகரத்தில்தான் 1875இல் இந்திய வானிலைத் துறை தொடங்கியது. படகை இறக்குவதா, கட்டிவைப்பதா என்று முடிவுசெய்யவேண்டிய மீனவருக்கு அந்த அடை பயன்படுகிறது; அதன் பின்னால் அளவு இருக்கிறது. ஃபர்ம் பிலீஃப் என்பதற்கு எத்தனை மில்லிமீட்டர் என்று யாரும் வரையறுக்கவில்லை.

8. நம் மொழியில்

நன்னூலார் ஆசிரியர்கள் கருத்துக் கொள்ளும் முறையை எழுவகை மதமாகப் பிரித்தார். பிறர் கொள்கையை உடன்படுதல், மறுத்தல், முதலில் ஏற்றுப் பின் களைதல், தானே ஒன்றை நாட்டி நிறுவுதல், இருவர் முரண்படும்போது ஒரு பக்கம் துணிதல், பிறர் நூலின் குற்றம் காட்டுதல், பிறரோடு ஒட்டாமல் தன் கொள்கையைக் கொள்ளுதல். ஏழும் செயல்கள். உறுதியான மதம், தாழ்மையான மதம் என்று அவர் பகுக்கவில்லை. கருத்தோடு நீ என்ன செய்கிறாய் என்பதே அவருடைய அளவுகோல். ஸ்டீஃபனுக்குப் பல நூற்றாண்டுகள் முந்தைய நூல் அது.

நம் இன்றைய மேடையும் செய்தித்தாளும் அந்த வழியை விட்டு விலகிவிட்டன. என் தாழ்மையான கருத்து, தங்கள் மேலான கருத்து என்று யார் மேலே, யார் கீழே என்பதை அடையால் காட்டுகிறோம். அமைச்சர் ஆணித்தரமாகக் கூறினார், திட்டவட்டமாக மறுத்தார், அசைக்கமுடியாத நம்பிக்கை தெரிவித்தார் என்று எழுதுகிறோம். எதை வைத்துக் கூறினார் என்ற வரி அந்தச் செய்தியில் இருப்பதில்லை. இது எனக்கு உண்மையான வருத்தம். கல்லூரித் தெரு காபி ஹவுஸில் வங்காளிகள் ஆமார் மொனே ஹொய், அதாவது எனக்குத் தோன்றுகிறது, என்று தொடங்கி மணிக்கணக்கில் வாதிடுவதைக் கேட்டிருப்பீர்கள். எதிரே இருப்பவர் கேனோ என்று உடனே கேட்பார். ஏன் என்ற அந்தக் கேள்விக்காகவே அந்த மேசைகளில் காத்திருக்கலாம்.

சட்டமும் அந்தக் கேள்வியைக் கைவிடவில்லை. பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டம் நடைமுறையில் இருக்கிறது. கருத்துக்கான காரணங்களைப் பற்றிய பிரிவு அதிலும் இருக்கிறது. இப்போது அதன் எண் 45.

அறக்கட்டளையினரிடம் ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். இந்த அரங்கில் மாணவர்களுக்குப் பேச்சுப் போட்டி நடத்துகிறீர்கள். நடுவர்களின் மதிப்பெண் தாளில் உச்சரிப்பு, குரல்வளம், சொல்வளம் ஆகியவற்றுக்கு இடம் இருக்கிறது. காட்டிய காரணங்களுக்கென்று தனியாக ஒரு கட்டம் போட்டு, மற்ற மூன்றுக்கும் சேர்த்துத் தருகிற மதிப்பெண்ணை அதற்கு மட்டும் தாருங்கள். வருகிற போட்டியிலேயே இதைத் தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.